ஹனீபா பதினோரு வருஷம் துப்பாக்கி வாங்கிய கதை

அந்தக் காலத்துப் பினாங்கில் பழைய வேட்டைத் துப்பாக்கி எதுவானாலும் சரி, போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகக் குழலுக்குள் கண்ணை வைத்து, முனையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், அது கடைசியாகக் கொன்ற உயிர் உள்ளே நின்றுகொண்டிருக்கும். செத்துக் கிடக்காது. குண்டு படுவதற்கு முந்தின நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும், கண்ணைச் சிமிட்டும், காதை ஆட்டும், ஈ விரட்டும். எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது, கம்பித் தூரிகையால் தேய்த்தாலும் போகாது. அதே துப்பாக்கி இன்னோர் உயிரை வாங்கினால்தான் பழையது விலகிப் புதியது வந்து நிற்கும். பீச் ஸ்திரீட்டில் பென்ஃபோல்ட் கம்பெனி என்று மூன்று மாடிக் கடை ஒன்று இருந்தது. துரைசானித் தொப்பியிலிருந்து குதிரைச் சேணம், பியானோ வரை விற்றவர்கள், ஊருக்குத் திரும்பும் துரைமாரின் பழைய துப்பாக்கிகளையும் வாங்கி விற்றார்கள். உள்ளே நிற்பதைப் பார்த்துத்தான் விலை. புலி நின்றால் நாற்பது வெள்ளி கூட. மான் என்றால் பதினைந்து. பன்றிக்குக் கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. குரங்கு நின்றால் பத்து வெள்ளி தள்ளுபடி, ஏனென்றால் குரங்கு மட்டும் திரும்பி, குழலுக்குள் பார்க்கிறவன் முகத்தையே பார்க்கும். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அது பிடிப்பதில்லை.

எதிர்க்கரையில் பத்து காவான் என்ற ஊரில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஹனீபா 1920-ஆம் வருஷக் கடைசியில் அந்தக் கடைக்கு முதன்முதலாகப் போனார். காட்டுப்பன்றிகள் அவருடைய தென்னம்பிள்ளைகளை ராத்திரிக்கு ராத்திரி தோண்டித் தின்றுகொண்டிருந்தன. அந்த ஹராமான மிருகத்தின் பெயரைக்கூட அவர் வாயால் சொல்லமாட்டார், 'அதுங்க' என்றுதான் சொல்வார். லைசென்ஸ் எடுத்தாயிற்று. ஆனால் இரண்டு கண்ணிலும் புரை. பன்றியைச் சுடுவதற்குப் போதுமான பார்வை இருக்கிறது, குழலுக்குள் பார்க்கிற அளவுக்கு இல்லை என்பது அவர் கணக்கு. அதனால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு மத்தியானத்தில் அவரிடம் தேங்காய் உரிக்க வரும் வள்ளியம்மாளைச் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் வருகிறேன், நான் பார்த்துச் சொல்கிறேன் என்று கேட்டவள் அவள்தான். ஏன் கேட்டாள் என்று அவர் கேட்கவில்லை. தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயத்தைக் கேட்பானேன்.

அந்த வருஷம் செப்டம்பரில் துரைமார் ஆறு பேர் சேர்ந்து பன்றி வேட்டைக்குப் போனார்கள். ஆள் மறையும் லாலாங் புல்லுக்குள் தகரம் தட்டிப் பன்றியைக் கிளப்பத் தோட்டத்துக் கூலிகள் இருபது பேரை இறக்கினார்கள். பொழுது சாயத் திரும்பியவர்கள் பத்தொன்பது பேர். இருபதாவது ஆள் வள்ளியம்மாளின் புருஷன் பிச்சைமுத்து. ஆளைக் காணோம் என்று ஒருவரும் புல்லுக்குள் போய்த் தேடவில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் கிராணி பெயர்ப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே 'ஓடிப்போனான்' என்று எழுதிவிட்டார். எழுதினது எழுதினதுதான். பட்டர்வொர்த்தில் ஒருத்தி இருக்கிறாளாம், ஈப்போவில் ஒருத்தி இருக்கிறாளாம் என்று கூலிகள் குடியிருந்த லயத்தில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கழுத்தில் தாலி இருந்ததால் அவளை விதவை என்று ஒதுக்கவும் முடியவில்லை, புருஷன் இல்லாததால் நல்லதுக்குக் கூப்பிடவும் மனசில்லை. ஓடியிருந்தால் திட்டித் தீர்க்கலாம், செத்திருந்தால் அழுது தீர்க்கலாம். எதைச் செய்வது என்றே தெரியாமல் ஒரு பொம்பளை எத்தனை நாளைக்குத்தான் கொல்லைக்கும் வாசலுக்கும் நடப்பாள்?

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: அந்த ஆறு துரைமாரும் என்றைக்காவது சீமைக்குத் திரும்புவார்கள், திரும்பும்போது துப்பாக்கியைப் பென்ஃபோல்டில் விற்றுவிட்டுப் போவார்கள். எந்தத் துரை, எந்தத் துப்பாக்கி என்று கூலிக்காரிக்கு யார் சொல்லப்போகிறார்கள்? ஆகவே வருகிற எல்லாவற்றிலும் கண்ணை வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பிச்சைமுத்துவைக் கொன்றவன் அதற்கப்புறம் ஒரு அணிலைச் சுட்டிருந்தாலும் போதும், பிச்சைமுத்து போன இடம் தெரியாமல் போய்விடுவான். அதனால் மாரியம்மன் கோயிலில் அவள் வைத்த வேண்டுதல் கேட்பவர்களுக்கு விநோதமாக இருக்கும். என் புருஷனைக் கொன்ற பாவிக்குக் கொஞ்சம் மனசாட்சியைக் கொடு தாயே, அதன்பிறகு அவன் கை துப்பாக்கியைத் தொடாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டாள்.

மாசக் கடைசிச் சனிக்கிழமைகளில் இருவரும் போனார்கள். இரண்டாவது மாடியில், டென்னிஸ் மட்டைகளுக்கும் சேணங்களுக்கும் நடுவே இருந்த துப்பாக்கி மேசைக்கு இராயப்பன் பொறுப்பு. ஆயர் ஈத்தாம் என்ற ஊரிலிருந்து வரும் வேதக்காரர், எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கியவர். புதிதாக வரும் ஒவ்வொரு துப்பாக்கிக்குள்ளும் பார்த்து, நிற்பது இன்னது என்று சீட்டெழுதிக் கட்டுவது அவர் வேலை. அவர் எடுத்துக் கொடுப்பார், வள்ளியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், ஹனீபா உடனே ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். கட்டை கனம் என்பார். குழல் நீளம் என்பார். ஒன்றும் அகப்படாவிட்டால், "இந்தப் புலி முழிக்கிறது சரியில்லலா தம்பி, வேற எடுங்க" என்பார். மூன்றாம் வருஷத்திலேயே இவர்கள் வாங்க வந்தவர்கள் இல்லை என்று இராயப்பனுக்குப் புரிந்துவிட்டது. வாங்கிவிட்டால் அவளுக்கு இங்கே வர வழியில்லாமல் போகுமே என்றுதான் ஹனீபா வாங்காமல் இருக்கிறார் என்பது ஆறாம் வருஷத்தில் புரிந்தது. இரண்டையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹனீபாவின் தோப்பில் பன்றிகள் தின்றது போக மிஞ்சியதுதான் மரமாயிற்று.

இப்படியே பதினோரு வருஷம் போனது. வள்ளியம்மாள் புலி பார்த்தாள், முதலை பார்த்தாள், கெடாவில் சுட்ட யானை ஒன்றின் ஒற்றைக் கண்ணை மட்டும் பார்த்தாள், மற்றது குழலுக்குள் அடங்கவில்லை. மான்களுக்கும் பன்றிகளுக்கும் கணக்கில்லை. முதலில் பயமாக இருந்தது, அப்புறம் பாவமாக இருந்தது, அப்புறம் ஒன்றுமே இல்லை. புலியைப் பார்த்துக் கொட்டாவி விட்ட ஒரே பொம்பளை அவள்தான் என்று இராயப்பன் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

1931-இல் ரப்பர் விலை தரையைத் தொட்டது. துரைமாருக்கே வேலை போயிற்று. கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள், துப்பாக்கிகள் மூட்டை மூட்டையாகப் பென்ஃபோல்டுக்கு வந்தன. கூலிகளையும் தோட்டங்கள் ஊருக்கு அனுப்பத் தொடங்கின. ஜூன் மாசப் பட்டியலில் வள்ளியம்மாள் பெயர் இருந்தது. செவ்வாய்க்கிழமை நாகப்பட்டினம் கப்பல். அங்கே போய் இறங்கி, தாலியோடு தனியாக நிற்கிறாயே, உன் புருஷன் எங்கே என்று கேட்கும் அவன் அண்ணன்மாருக்கு என்ன பதில் சொல்வது என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. கப்பலுக்கு முந்தின சனிக்கிழமை, இதுதான் கடைசி என்று ஹனீபாவிடம் சொன்னாள். அவர் சம்பான்காரனைச் சீக்கிரம் தள்ளச் சொன்னார்.

அன்று மேசையில் அறுபத்தொரு துப்பாக்கிகள். கடை ஒரு மணிக்குச் சாத்திவிடும். வள்ளியம்மாள் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். பன்றி, பன்றி, மான், கரடி, பன்றி. நாற்பது தாண்டியபோது கண்ணில் நீர் வடிந்து, எல்லா மிருகமும் ஒரே மிருகமாகத் தெரிந்தது. தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. இந்தச் சனியன் பிடித்த இரும்பை இனி வாழ்க்கையில் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள்.

"அத விடுங்கக்கா, கொரங்கு" என்றார் இராயப்பன். அறுபத்தொன்றுக்கும் இரண்டே நாளில் சீட்டு எழுதிய களைப்பு அவர் குரலிலேயே இருந்தது. சீட்டில் 'குரங்கு, உட்கார்ந்த நிலை' என்று எழுதியிருந்தது. "தள்ளுபடி போட்டும் ஒருத்தரும் தொடல. அடுத்ததப் பாருங்க."

அவளும் வைத்துவிடத்தான் நினைத்தாள். பதினோரு வருஷப் பழக்கம், மனசு வேண்டாம் என்றபோதே கை தூக்கிவிட்டது. குழலின் அந்தக் கோடியில் லாலாங் புல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. புல்லுக்கு நடுவே தட்டுகிற தகரத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முழங்காலில் இலை. இலையில் சோறு. ஒரு கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான், முன்னால் போட்டதை இன்னும் மென்று முடிக்கவில்லை. புல் அசைகிறது, பன்றிதான் என்று யாரோ ஒரு துரை நினைத்திருக்கிறான். வள்ளியம்மாள் ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"அண்ணே" என்றாள் கடைசியில். "ஓடல அண்ணே. உக்காந்து சோறு திங்கறாரு."

இராயப்பன் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தன் கையால் எழுதிய சீட்டை அறுத்து நாலாகக் கிழித்தார். "களைப்புல கவனிக்கலக்கா" என்றார். இது சமாதானம் ஆகாது என்று அவருக்கே தெரிந்தது. அவள் கேட்காமலே கடைப் புத்தகத்தைப் புரட்டி விவரம் சொன்னார். பத்து காவான் துரை ஒருவருடையது, போன வாரம் கப்பலேறினவர். 1920 செப்டம்பருக்குப் பிறகு ஒரு தோட்டாகூட வாங்கவில்லை. பங்களாச் சுவரில் மாட்டினது மாட்டினபடியே இருந்ததாம், போல்ட்டில் எண்ணெய் உறைந்து கல்லாகிவிட்டிருந்தது.

அதைக் கேட்டதும்தான் வள்ளியம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தெரிந்தே செய்திருக்கிறான், தெரிந்தே மறைத்திருக்கிறான், தெரிந்தே 'ஓடிப்போனான்' என்று எழுதவைத்திருக்கிறான் என்று அந்தத் துரைமேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன் மறுபடி துப்பாக்கியைத் தொடாததால்தானே என் ஆளைக் கண்டேன் என்று ஒரு நன்றியும் கூடவே வந்தது. அந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, பதினோரு வருஷம் அழவேண்டியதை ஒரே மூச்சில் அழுதாள். கீழ் மாடியில் தொப்பி பார்த்துக்கொண்டிருந்த துரைசானிகள் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். கடை ஒன்றரை வரை சாத்தவில்லை.

ஹனீபா அன்றைக்குத்தான் துப்பாக்கி வாங்கினார். இதை வேறொருவன் வாங்கி ஒரு பன்றியைச் சுட்டால் பிச்சைமுத்துவுக்கு இடம் போய்விடும், வேறு வழியில்லை. பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது இராயப்பன் தலை நிமிரவில்லை. சம்பானில் வள்ளியம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் தாலியைக் கழற்றினாள். செவ்வாய்க்கிழமைக் கப்பல் அவள் இல்லாமலே போயிற்று. அவள் ஹனீபாவின் கொப்பராக் கொட்டகையிலேயே வேலைக்கு நின்றுவிட்டாள்.

லயத்துச் சனமெல்லாம் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனது. ஈப்போக்காரி கதை கட்டிய பொம்பளைகள் பார்த்துவிட்டு, வந்த வழி தெரியாமல் நழுவினார்கள். கிராணியும் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, துரை கையெழுத்துப் போட்ட புத்தகத்தில் நான் எப்படிக் கை வைப்பது என்று சொல்லிவிட்டுப் போனார். புத்தகத்தில் பிச்சைமுத்து இன்னும் ஓடிப்போனவன்தான்.

அதற்கப்புறம் ஹனீபாவின் பாடு திண்டாட்டமாயிற்று. துப்பாக்கி இருந்தும் சுட முடியாத மனுஷர் என்று பன்றிகளுக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. பட்டப்பகலில் வந்து தென்னம்பிள்ளையைத் தோண்டின. அவர் கொட்டகை வாசலில் நின்று கையைத் தட்டி விரட்டுவார், அதுங்க மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தோண்டும். பெருநாள் தொழுகைக்கு வந்தவர்கள் கேலி செய்தார்கள். இருக்கட்டும்லா, மனுஷன் சாப்பிடுறப்ப எழுப்பக்கூடாது என்பார்.

புரட்டாசி அமாவாசைதோறும் வள்ளியம்மாள் துப்பாக்கி முனைக்கு முன்னால் இலை போட்டுப் படையல் வைத்தாள். முதல் வருஷம் படைத்துவிட்டுக் குழலுக்குள் பார்த்தபோது, வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கவளம் வாய்க்குள் போயிருந்தது. மறு வருஷம் இலையில் பாதிதான் சோறு. ஆறாம் வருஷம் அவன் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். இது எப்படி என்று பத்து காவானில் யாரும் கேட்கவில்லை. சோறு வைத்தால் ஆள் சாப்பிடத்தானே செய்வான்.

1937-இல் படையல் முடிந்து அவள் குழலுக்குள் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை மடியில் இறக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹனீபாவுக்கு அதற்குள் பார்வை முக்கால்வாசி போயிருந்தது.

"என்ன தங்கச்சி, எப்படி இருக்காரு?"

"இல்லண்ணே. சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. புல்லு மட்டும் ஆடுது."

ஹனீபா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியை வாங்கிப் போல்ட்டைப் பூட்டினார். அந்த வாரமே தோப்பில் ஒரு பன்றியைச் சுட்டார். குறி பார்த்தது பக்கத்தில் நின்ற வேறொரு பன்றியை என்று சொல்கிறார்கள். அன்றிலிருந்து அந்தக் குழலுக்குள் பன்றி நிற்கிறது. வள்ளியம்மாள் அதற்குள் ஒருநாளும் கண்ணை வைக்கவில்லை.