பச்சைச் சீட்டு

மெக்கானிக்கின் காது பாதி போயிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் டீசல் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்? வேலையை விட்டு வந்தபிறகும் தெருவுக்கு அவர் மெக்கானிக்தான்.

புகையில்லாத மின்சார பஸ் வரப்போகிறது, வழித்தடம் மாறும், மக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று அவர் வீட்டுக்கு எதிரே இருந்த நிறுத்தத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். பத்தடி நடந்தால் பஸ். அதனால்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“கூப்பிட்டுக் கருத்துக் கேக்குறான்னா முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம்,” என்றார் மெக்கானிக்.

“அந்த வாயை எங்கிட்ட காட்டாம அங்க போய்க் காட்டுங்க. பஸ் நம்ம தெருவுக்கு வரணும், அவ்வளவுதான்.”

போனார். வேலை நாள், காலை பதினொரு மணி. பஸ்ஸில் போகிறவன் எல்லாம் பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டான். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் காரில் வந்தவர்கள். முன்வரிசை முழுக்க பேட்டரி கம்பெனிக்காரர்கள், கழுத்தில் அட்டை.

சுவரில் பெரிய வரைபடம். ஒரு அதிகாரியம்மா மைக்கில் விளக்கினார். மெக்கானிக்கின் காதில் விழுந்தது இரைச்சல். பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, இரண்டு சீட்டைக் கையில் கொடுத்து, “உங்க ஸ்டாப்ல ஒட்டுங்கய்யா,” என்றார்கள்.

பச்சை எது, சிவப்பு எது என்று அவருக்கா பாடம் எடுப்பது? பணிமனையில் சிவப்பு ஒட்டினால் வண்டி வெளியே போகக் கூடாது. பச்சை ஒட்டினால் ஓடலாம். எத்தனை ஆயிரம் வண்டிக்கு ஒட்டிய கை! வரைபடத்தில் தன் வீட்டெதிர் நிறுத்தத்தைத் தேடிப் பிடித்து, பச்சையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

பக்கத்தில் நின்ற அட்டைக்காரன், “உங்கள மாதிரி எல்லாரும் ஒத்துழைச்சா நல்லாருக்கும், பெரியவரே,” என்றான். ‘நல்லாருக்கும்’ மட்டும் காதில் விழுந்தது. தலையாட்டினார்.

இரண்டு மாதத்தில் புது பஸ் வந்தது, மெயின் ரோட்டோடு. தெருவில் இருந்த நிறுத்தக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அதே அம்மா கோப்பைத் திறந்து வரைபடத்தின் போட்டோவைக் காட்டினார்.

“பச்சைன்னா மாத்தத்துக்குச் சம்மதம், சிவப்புன்னா எதிர்ப்பு. மைக்ல மூணு தடவை சொன்னோம்யா. உங்க தெருவுலருந்து வந்ததே ஒருத்தர்தான். அவரும் பச்சை ஒட்டியிருக்காரு.”

மெக்கானிக் போட்டோவில் இருந்த பச்சைச் சீட்டைக் குனிந்து பார்த்தார்.

“அந்தாளு தெரியாம ஒட்டியிருந்தா?”

“அறிக்கை மேல போயாச்சு. இனி என் கையில இல்ல. ஆமா, அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடமும், யாரோ ஒருத்தன் பச்சை ஒட்டிக் கெடுத்துவிட்டதாகத்தான் சொன்னார்.

இப்போது வெயிலில் முக்கால் மைல் நடை. ஒரு கையில் பிளாஸ்டிக் ஸ்டூல், இன்னொரு கையில் மனைவி. நூறு அடிக்கு ஒருதரம் ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைப்பார். அன்றைக்கு மெயின் ரோடு கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்ததும் அவள் கையைக் காட்டினாள். பஸ் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சனியன் சத்தமே போடாது. பழைய வண்டியாக இருந்தால் அவருடைய அரைக் காதுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

“திரும்பிடலாங்க. இன்னிக்கு வேணாம்.”

“அடுத்த வண்டி வரும்டி.”

“என்னால முடியல.”

அந்த வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் திரும்புவது இது இரண்டாவது தடவை. அவள் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வாரை அறுப்பதுபோல் இருந்தது.

“நம்ம தெருவுக்காகப் பச்சை ஒட்டினானாமே ஒரு மகராசன்,” என்றாள் மூச்சு வாங்கியபடி. “அவன் கை விளங்காமப் போக.”

“விளங்காதுடி,” என்றார் மெக்கானிக். “எந்திரி.”