உட்கார்ந்து பார்க்கிற ஊர்

அவள் நின்றே பிழைத்தவள். முடி வெட்டும் கடையில் நாற்காலியெல்லாம் வருகிறவர்களுக்கு. அவளுக்கு இரண்டு கால்கள்தான். வருஷத்துக்கொரு தரம் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினால் அங்கேயும் நடைதான். ஊரைத் தேர்ந்தெடுப்பது நாத்தனார். அவருக்குக் கடைவீதி இல்லாத ஊர் ஊரே இல்லை. போன தடவை பை தூக்கி அலைந்ததில் அவள் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிப்போயிற்று.

இந்த வருஷம் சாப்பாட்டு மேசையில் நாத்தனார் பேச்சை எடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணி, இந்த வாட்டி கென்யா போறோம்."

நாத்தனாருக்குப் புரையேறியது. "கென்யாவா? அங்க என்ன இருக்கு?"

"சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி."

"அதெல்லாம் இங்க மிருகக்காட்சி சாலையிலயே இருக்கே!"

"கம்பிக்குள்ள இருக்கு. அதையும் நடந்து நடந்துதான் பார்க்கணும். அங்க வண்டியில உட்கார்ந்தா போதும். நடுக்காட்டுல இறங்கவே விடமாட்டாங்களாம். என் காலுக்குன்னே போட்ட சட்டம்!"

"புலி பாய்ஞ்சுட்டா?"

"அந்தக் காட்டுல புலியே கிடையாது அண்ணி."

கணவர் தட்டைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். லாரி ஓட்டுபவர். எந்த மேடு பள்ளத்துக்கும் அசராதவர், அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மட்டும் மத்தளமாகிவிடுவார்.

"நீ என்னடா சொல்றே?" என்றார் அக்கா.

"பார்க்கலாம்க்கா."

"நீங்க பார்த்துகிட்டே இருங்க," என்றாள் அவள். "வில்டிபீஸ்ட்னு ஒரு காட்டுமாடு. லட்சக்கணக்குல கூட்டமா வந்து ஆத்தைத் தாண்டுமாம். அதுங்க நமக்காகக் காத்திருக்காது. நாளைக்கே பதிவு பண்றேன். வர்றவங்க வரலாம்."

சொன்னபடி மறுநாள் பயண அலுவலகத்துப் படியேறினாள். எத்தனை பேர் என்று கேட்டார்கள். "இப்போதைக்கு ஒருத்தி," என்றாள். கணவரில்லாமல் அவள் எங்கும் போனதில்லை. ஆனாலும் படிவத்தில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு அவள் கிளம்பியபோது, கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"உனக்கு ஊசின்னா பயமாச்சேன்னு..."

"யாருக்கு?"

"சரி, எனக்குத்தான். இருந்தாலும் போட்டுக்கறேன். பதிவுல என்னையும் சேர்த்துடு."

நாத்தனார் வரவில்லை. "சிங்கத்தைக் கேட்டதா சொல்லு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதோடு சரி.

கென்யாவில் ஒரு நாள் காலை ஆற்றங்கரையில் வண்டி நின்றது. எதிர்க்கரை முழுக்க மாடுகள். தண்ணீர் வரை வரும், மிரளும், திரும்பிவிடும். வெயில் ஏற ஏறப் பின்னிருக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். விடுதிக்குத் திரும்பலாம் என்றார்கள். ஓட்டுநர் சாவியில் கை வைத்தார்.

"வேணாம்னு சொல்லுங்க," என்றாள் கணவரிடம். "இவ்வளவு தூரம் வந்துட்டு முதுகைக் காட்டறதா? அதுங்க தாண்டட்டும்."

அவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். ஓட்டுநர் சிரித்துக் கையை எடுத்துக்கொண்டார்.

திடீரென ஒரு மாடு குதித்தது. அடுத்த கணம் கரையே இடிந்து விழுந்ததுபோல் முன்னால் நின்றவை எல்லாம் ஆற்றில் இறங்கின. புழுதி, கதறல், குளம்புச் சத்தம். ஒரு கன்று இந்தக் கரையின் சேற்றில் ஏறுவதும் சறுக்குவதுமாகத் தவித்தது. பக்கத்திலேயே முதலையின் முதுகு தெரிந்தது. "ஏறிடு, ஏறிடு!" என்று தன்னையறியாமல் கத்தினாள். கன்று முட்டி மடங்கி, எழுந்து, ஒரே தாவலில் மேலேறிக் கூட்டத்துக்குள் ஓடியது. முணுமுணுத்தவர்களே கைதட்டினார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது.

கணவர் தோளைத் தொட்டார். "அடுத்த வருஷம் எங்கே?"

"பேசாம இருங்க. இன்னும் பாதிக்கு மேல அந்தப் பக்கமே நிக்குது."