தன் வேலைக்கே மனு

ஈரத் துணியின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். காய்ந்தால் ஒரு கையில் சுருட்டிக்கொண்டு போகலாம். மெஷினை விட்டு வெளியே வரும்போதோ, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போலப் பிடிகொடுக்காமல் கனக்கும். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. சலவை நிலையத்தின் கூடத்தில் நீராவி எழும்பி விளக்குகளை மங்கலாக்கியிருந்தது. சோப்பு நெடி மூக்கைத் தாண்டித் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்காவும் தங்கையும் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து, உதறி, நுனியை நேராக்கி, சுடுகிற ரோலருக்குள் கொடுத்தார்கள். ரோலர் துணியைக் கவ்வும் நொடியில் விரலை எடுத்துவிட வேண்டும். ஒருமுறை எடுக்கத் தவறியதில் அக்காவின் வலக்கை ஆட்காட்டி விரலில் நகம் போய்விட்டது.

தங்கைக்கு உண்மையில் வேலை மாடியில். இதே கூடத்தில் துணி மடித்தபடி மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தவள் அவள். படிப்புச் செலவு முழுவதும் அக்காவின் கூலியிலிருந்து போனது. நிலையத்தின் இணையதளம் இப்போது அவள் பொறுப்பு. ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் துணி எடுக்க ஆள் கேட்பது, வேலை வேண்டுகிறவர்கள் மனுப் போடுவது, கீழே வேலை செய்கிறவர்கள் தினமும் போனில் வருகையைப் பதிவது, எல்லாம் அந்த ஒரே தளத்தில்தான். ஆனாலும் முதலாளி, "மாடிக்குப் போறதுக்கு முன்னாடி கீழ கொஞ்சம் கை குடும்மா" என்பார். ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள் வேலை. கீழே எல்லோரும் அவளை மாடிக்காரி என்றே கூப்பிட்டார்கள். அதில் கேலி பாதி, பெருமை பாதி.

அன்றைக்குக் கூடம் வழக்கம்போல இல்லை. துணி மடிக்கும் மேசையில் 'ரேடியோ' வாயைத் திறக்கவில்லை. காலையில் திறந்த வாயை வேலை முடிகிறவரை மூடாதவள் என்பதால் வந்த பெயர் அது. மெஷின்களுக்குச் சோப்பு அளந்து போடும் சோப்புக்காரர், யாரைக் கண்டாலும் கிண்டல் செய்கிறவர், மூட்டைகளுக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அந்தப் பக்கம் திரும்பியதும், திருடனுக்குத் தேள் கொட்டியது போல முழித்துப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னக்கா, இழவு வீடு மாதிரி இருக்கு?"

"வேலையப் பாருடி," என்றாள் அக்கா. அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாடியில் முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார். அதுவே தங்கைக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நாளைக்கு முன் அவர் ஒரு வேலை சொன்னார். புதுக் கிளைக்கு ஆள் வேண்டும், இணையத்தில் விளம்பரம் கொடுக்கிறோம், கொட்டுகிற பணத்துக்குப் பலன் வருகிறதா என்று பார்க்க வேண்டும், தளத்தில் பிக்ஸல் போடு என்றார். பிக்ஸல் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி. பக்கத்தைத் திறந்தவர் விளம்பரத்தைப் பார்த்து வந்தாரா, வந்தவர் மனுப் போட்டாரா, சும்மா பார்த்துவிட்டுப் போனாரா என்று விளம்பரக் கம்பெனிக்குக் கோள் சொல்லும். ஒரு போனை அடையாளம் கண்டுகொண்டால் போதும், அந்தப் போன்காரர் செய்தி படித்தாலும் பாட்டுக் கேட்டாலும் அதே விளம்பரம் பின்னாலேயே வரும். தங்கை அதை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பகுதியில் போட்டாள். ஓரிடத்தில் போட்டால் எல்லாவற்றிலும் வந்துவிடும், வேலை சுலபம். வருகை பதிகிற பக்கமும் அந்த எல்லாவற்றில் ஒன்று என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. விளம்பரத்தில் இருந்த கூலி, கீழே கொடுப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. புதுக் கிளை, புது ஆள், அப்படித்தான் இருக்கும் என்று நம்பினாள். அப்படி நம்புவது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

"விளம்பரம் பிச்சுக்கிட்டுப் போகுதும்மா," என்று முதலாளி திரையை அவள் பக்கம் திருப்பினார். "நெனச்சதுக்கு மேல மனு வந்திருக்கு. யாருகிட்டேருந்துன்னு நீயே பாரு."

பார்த்தாள். மனுப் போட்டவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்னால் வருகைப் பக்கத்தைத் திறந்தவர்கள் என்றது திரை. வெளியாட்களுக்கென்று விட்ட விளம்பரம் வீட்டு ஆட்களையே துரத்திப் பிடித்திருக்கிறது. தன் வேலைக்குத் தன்னைவிட மலிவாக ஆள் தேடுகிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் போனில் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம்கூட மூச்சு விடாமல், அந்தக் குறைந்த கூலிக்குத் தன் வேலைக்கே மனுப் போட்டிருக்கிறார்கள்.

"என் தப்பு சார். வருகைப் பக்கத்துலேருந்து இப்பவே எடுத்துடறேன்."

"எடுத்துடாத! தப்புதான், ஆனா நல்ல தப்பு." சிரித்தார். "புதுக் கிளையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இந்த மாசத்தோட பழைய கூலி முடிஞ்சுது. நாளைக்குக் காலையில கீழ நேர்காணல். வெளியாளும் வருவாங்க, நம்மாளும் வரட்டும். புதுக் கூலிக்குச் சம்மதிக்கறவங்க இருக்கட்டும்."

"இப்ப வாங்கற கூலியிலயே அவங்க திண்டாடறாங்க சார்."

"நான் யாரையாவது கையப் பிடிச்சு மனுப் பட்டன அமுக்கச் சொன்னேனா? அவங்களா அமுக்கியிருக்காங்க. ஓட்டல்காரன் எனக்குக் குடுக்கறதைக் குறைச்சுட்டான். நான் யாருகிட்டப் போய் அழறது?" நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீ ஒண்ணு செய். வருகைப் பக்கம் திறக்கற போனையெல்லாம் மூணு பங்காப் பிரி. ஒரு பங்குக்கு இதே கூலியக் காட்டு. அடுத்ததுக்கு இன்னும் கொஞ்சம் குறைச்சுக் காட்டு. மூணாவதுக்கு அதைவிடக் குறைச்சு. எதுவரைக்கும் அமுக்கறாங்கன்னு பிக்ஸல் சொல்லிடும். அதுதான் நியாயமான கூலி. நானும் பேரம் பேச வேணாம், அவங்களும் பேச வேணாம். சாயந்திரத்துக்குள்ள போட்டுடு."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"உன் சம்பளத்துல கைவைக்க மாட்டேன், பயப்படாத. உங்க அக்காவே மனுப் போட்டுட்டா. அதுவும் முதல் நாளே."

தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். வீட்டில் அக்காவின் கணவன் முதுகு ஒடிந்து படுத்ததிலிருந்து வாடகையும் மருந்தும் இந்த இரண்டு பெண்களின் தலையில்தான். சொன்னதைச் செய்தால் அக்காவின் கூலி எந்தக் கிணற்றுக்குள் போய் நிற்குமோ தெரியாது. செய்யாவிட்டால் இவள் சம்பளம் போகும், அக்காவின் கூலியும் தப்பாது. இவள் இல்லையென்றால் விளம்பரக் கம்பெனிக்காரன் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுக் கொடுத்துவிடுவான். இருதலைக்கொள்ளி எறும்புக்காவது நடுவில் கொஞ்சம் கட்டை இருக்கும். முதல் பங்குக்கான கூலியை எழுதினாள். இரண்டாவதை எழுதினாள். மூன்றாவதில் கை ஓடவில்லை. அழுகை வந்தது. எழுந்து கீழே போனாள்.

சாப்பாட்டு நேரம். அக்கா கொதிகலன் அறைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீ மனுப் போட்டியா?"

அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "முதலாளி சொன்னாரா?" என்றாள். பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "எவளோ வந்து அந்த ரோலர்ல நிக்கறதுக்கு நானே நின்னுட்டுப் போறேன்னு போட்டேன். உங்கிட்டச் சொன்னா நீ மாடியில போய்ச் சண்டை போடுவ. மத்தவங்ககிட்டச் சொன்னா..." குரல் இறங்கியது. "அவங்களும் முந்திக்குவாங்கன்னு நெனச்சேன்டி. இத்தனை வருஷம் கூட நின்னவங்கள அப்படி நெனச்சுட்டேன்."

"எல்லாருமே போட்டிருக்காங்கக்கா."

அக்கா நிமிர்ந்தாள். "நான் வேற வேலையே தேடலையே. அந்த விளம்பரம் எப்படி என் போனுக்கு வந்துச்சு?"

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா நம்பிவிடுவாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் தங்கை சொன்னதுதான் அவளுக்கு வேதம்.

"நான் வச்ச பிக்ஸலால வந்துச்சுக்கா," என்றாள் தங்கை. புள்ளியைப் பற்றிச் சொன்னாள். மூன்று பங்காகப் பிரிக்கச் சொன்னதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அக்காவின் முகம் இறுகியது. அடிப்பாளோ என்றிருந்தது. அடித்தாலும் தேவலை என்றிருந்தது.

"எந்திரி," என்றாள் அக்கா. "இத எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன புண்ணியம்?"

கூடத்துக்குள் போய் ரோலரை நிறுத்தினாள். பகலில் ஒருபோதும் நிற்காத சத்தம் நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை நடுவில் நின்று புள்ளியிலிருந்து மறுநாள் நேர்காணல்வரை எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் ரேடியோதான் முதலில் பாய்ந்தாள்.

"அடிப்பாவி! எங்களோட நின்னு துணி பிழிஞ்ச கையால எங்க கழுத்தையே பிழிஞ்சுட்டியே! நல்லா இருப்பியா நீ?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளத் திட்டறத அப்புறம் திட்டிக்கலாம்," என்றாள் அக்கா. "மொதல்ல நான் சொல்லிடறேன். நான் மனுப் போட்டேன். உங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு குளியலறையில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் போட்டேன்."

சோப்புக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நானும்தான். 'முன் அனுபவம் உண்டா?'ன்னு கேட்டுது. இதே மெஷினுக்கு இதே சோப்பப் போட்டுத்தான் என் தலை நரைச்சுதுன்னு எழுத இடம் இல்ல. 'உண்டு'ன்னு அமுக்கிட்டேன்."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. ரேடியோ முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் என் பேருக்கு ஒண்ணு, மருமக பேருக்கு ஒண்ணு போட்டேன். ரெண்டுல ஒண்ணாவது தேறட்டும்னு."

"அடேங்கப்பா! ஒரே வீட்டுலயே போட்டியா?" என்றார் சோப்புக்காரர். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே சிலர் அழுதார்கள். போட்டேன், போட்டேன் என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் குரல் வந்தது. இத்தனை நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செய்திருந்த வெட்கம் அந்தச் சத்தத்தில் கரைந்து போனது.

"சிரிச்சாச்சு, இப்ப என்ன பண்றது?" என்றாள் ரேடியோ. "நாம முறைச்சுக்கிட்டா நாளைக்கு வெளியாள் உள்ள வந்து நிப்பான். அவனுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அதனாலதான் நாமளும் நாளைக்கு வெளிய நிக்கணும்," என்றாள் அக்கா. "அதே வரிசையில, அவங்களோட. ஒவ்வொருத்தரா உள்ள போனாத்தான் கூலியக் குறைக்க முடியும். பழைய கூலின்னு எல்லாருக்கும் சேத்துச் சொல்லட்டும், அப்பப் போவோம்."

"ரோலர் ஏன் நிக்குது?" முதலாளி மாடிப்படியில் நின்றிருந்தார். தங்கையைப் பார்த்தார். "நான் சொன்னது போட்டாச்சா?"

"இல்ல சார்."

"எப்பப் போடுவ?"

"போட மாட்டேன் சார்."

"சரி. இனிமே நீ மாடிக்கு வர வேணாம். அதைப் போட ஆளா இல்ல?"

"போடட்டும் முதலாளி," என்றாள் அக்கா. "அமுக்கறதுக்கு எங்க விரல்தானே வேணும்?"

அவர் மேலே போய்விட்டார்.

அன்று மாலையே விளம்பரக் கம்பெனிக்காரன் போட்ட புது விளம்பரம் வந்தது. வீடு திரும்பும் வழியில் எல்லோரும் போனை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். "எனக்கு ரெண்டாவது கூலி," என்றாள் ரேடியோ. "எனக்கு மூணாவது. உன்னைவிட என்னை மட்டமா மதிச்சுட்டானே!" என்று சோப்புக்காரர் மார்பில் அடித்துக்கொண்டார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார்கள். ஆனாலும் வீட்டுக்குப் போனபின் யாராவது தனியாக அமுக்கினார்களா என்று தங்கைக்குத் தெரியாது. அந்தத் திரை இப்போது அவள் கையில் இல்லை. நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே நிலையத்தின் வாசலில் வரிசை சேர்ந்துவிட்டது. கீழ்க்கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வெளியாட்களும் குறைவில்லை. எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண் நின்றாள். செருப்பின் அறுந்த வாரை ஊக்கு குத்திச் சேர்த்திருந்தாள்.

"நீங்கல்லாம் உள்ள வேலை பாக்கறவங்கதானே? ஏன் வெளிய நிக்கறீங்க?" என்று அக்காவிடம் கேட்டாள்.

அக்கா வரிசை முழுக்கக் கேட்கிறபடி எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுவிட்டு, "எனக்கு இந்த வேலை வேணும்ங்க. வேற கதி இல்ல," என்றாள்.

"எங்களுக்கும் வேணும். அதுக்குத்தான் நிக்கறோம்."

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்லத் தங்கைக்கு மனம் வரவில்லை. பசி யார் பேச்சைக் கேட்கும்?

கதவு திறந்தது. முதலாளி வரிசையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். தன் ஆட்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "முதல் ஆள் வரலாம்," என்றார்.

அந்தப் பெண் படியேறினாள். வாசற்படியில் நின்றாள்.

"கூலி எவ்வளவுங்க?"

"விளம்பரத்துல பாத்திருப்பியே."

"பாத்தேன். இவங்களுக்குக் குடுத்துக்கிட்டிருந்தது எவ்வளவு?"

"அது உனக்கெதுக்கு? உள்ள வர்றியா, இல்ல அடுத்த ஆளக் கூப்பிடவா?"

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பி வரிசையைப் பார்த்தாள்.

"கூப்பிடுங்க," என்றாள். படியிறங்கி வந்து அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அடுத்த ஆள்!"

யாரும் நகரவில்லை.

"அடுத்த ஆள்!" குரல் உடைந்தது. சோப்புக்காரருக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. இருமினால்கூட நகர்ந்ததாகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டார். கதவு படாரென்று சாத்தப்பட்டது. இரவு வந்த துணிமூட்டைகள் உள்ளே பிரிக்கப்படாமல் கிடந்தன. வெயில் ஏறியது. வரிசை அப்படியே நின்றது.

அந்தப் பெண் அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்: "இன்னிக்கு ஒண்ணும் நடக்கலைன்னா நாளைக்கும் வரணுமா?"

"வரணும்மா."

"வர்றேன்," என்றாள் அவள். "எங்க தெருவுல இன்னும் சில பேருக்கு அந்த விளம்பரம் வந்திருக்கு. அவங்களையும் கூட்டிக்கிட்டு வர்றேன்."