பன்றிக் காசு

எங்கள் மலையில் கட்டிக்கொண்டவனை வேண்டாம் என்று சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு. கோர்ட்டுப் படி ஏற வேண்டாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பரியத்தைத் திருப்பி வைத்தால் போதும். கீழே இருப்பவர்கள் இதைக் கேட்டால் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். வைக்கட்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் தலையெழுத்து என்று அழுதுகொண்டு கிடக்கிறார்கள், எங்களுக்கு அது தேவையில்லை.

ஆனால் அதில் ஒரு முடிச்சும் உண்டு. பரியம் எப்படி வந்ததோ அப்படியேதான் திரும்பிப் போக வேண்டும். எனக்கு வந்தது இருபது வெள்ளி ரூபாய், அத்தனையும் வெள்ளைக்காரன் காலத்து ராணித் தலை போட்டது. என் அப்பா அந்த வருஷமே அதைப் போளூரில் விற்று உழவு மாடு வாங்கினார். பிறகு மாடும் செத்தது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார். புருஷன் சின்னதம்பியின் அடி பொறுக்காமல் நான் நெல்லிவாசலுக்கு என் அண்ணன் அருணகிரி வீட்டுக்கு வந்துவிட்டது எண்பதாம் வருஷம். வெள்ளி விலை தாறுமாறாக ஏறியிருந்த நேரம் அது.

அது தெரிந்துதான் சின்னதம்பி சிரித்தான். ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு முன்னால் உட்கார்ந்துகொண்டு, நோட்டாகக் கொடுத்தால் தொடமாட்டேன், ராணிக் காசாக வேண்டும் என்றான். மாரியம்மன் திருவிழாவுக்குள் வைக்காவிட்டால் சுந்தரம்மாளாகிய நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவனோடு வர வேண்டும் என்றான். முறை அதுதானே என்று கவுண்டரும் தலையாட்டினார். அவனிடம் திரும்பிப் போவதற்குக் கிணற்றில் விழலாம் என்று அண்ணி எனக்காக அழுதாள். நான் எதற்கு விழ வேண்டும்? விழ வேண்டியவன் ஊருக்குள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறான். புளி விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு போளூருக்கு பஸ் ஏறினேன்.

போளூர் கடைத்தெருவில் கோபால்சாமிதான் பழைய வெள்ளி வாங்கி விற்பவர். மலைக்காரர்களிடம் வாங்கும்போது அவர் தராசு ஒரு பக்கம் சாயும், விற்கும்போது இன்னொரு பக்கம் சாயும். ராணிக் காசு என்ன விலை என்று கேட்டேன். பூஜையில் வைக்க வாங்குகிறார்கள், மாலை கோக்க வாங்குகிறார்கள், கிராக்கி அதிகம் என்று ஒரு விலை சொன்னார். என் கையில் இருந்த பணத்துக்கு நாலு தேறினால் பெரிது. எங்கள் அப்பாவிடம் நீங்கள் இதை என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டேன். வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று பல்லைக் குத்தினார். வாயில் வந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

கடையில் எனக்குப் பக்கத்தில் நின்று காசுகளைக் கிளறிக்கொண்டிருந்த ஆள் பின்னாலேயே வந்தார். பஸ் நிற்கும் இடத்தில் கிட்டே வந்து நின்றதும் செருப்பைக் கழற்றலாமா என்று பார்த்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெயர் தங்கவேல், போளூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர், பழைய காசு சேர்ப்பதில் பைத்தியம் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

கோபால்சாமியின் பலகைக்கு அடியில் ஒரு தகர மூடி இருக்கிறது, அதில் ஐந்து காசு ஒதுக்கிப் போட்டிருக்கிறார் என்றார். கிரீடம் வைத்த ராஜா தலை போட்டவை. ராஜாவின் மார்பில் தொங்கும் சங்கிலியில் சின்னதாக ஒரு யானை உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அச்சடித்தபோது தும்பிக்கை குட்டையாகி அது பன்றி மாதிரி விழுந்துவிட்டதாம். ஜனங்கள் முகம் சுளித்தார்கள், சர்க்கார் திரும்ப வாங்கி உருக்கிவிட்டது. அடுத்த வருஷக் காசில் யானை யானையாகிவிட்டது. உருக்கியதில் தப்பியவை கொஞ்சம்தான் என்பதால் காசு சேர்ப்பவர்களுக்கு அதன் மேல் உயிர். போளூரிலோ பன்றி போட்டதைப் பூஜையில் வைப்பார்களா, தாலியில் கோப்பார்களா? ஆகவே உருக்குகிற விலைக்குக்கூட அதை யாரும் தொடுவதில்லை.

அப்படியென்றால் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். தான் எந்தக் காசின் மேல் விரல் வைத்தாலும் கோபால்சாமி அதன் விலையை ஏற்றிவிடுகிறார், இரண்டு வருஷமாக அந்த மூடியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மலைக்காரியான நான் கேட்டால் அவருக்குச் சந்தேகம் வராது. தன்னிடம் ராணிக் காசு டப்பா நிறைய இருக்கிறது, ஒரு பன்றிக் காசுக்கு இரண்டு ராணி தருவதாகச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. கோபால்சாமி ஒரு பக்கம் ஏமாற்றினால் இவர் மறுபக்கமா?

"ரெண்டு வருசமா எச்சி வுட்டுக்குனு கீறீங்க, ரெண்டு காசுக்கு நான் எடுத்தாந்து குடுக்கணுமா?" என்றேன். "அஞ்சு குடுங்க. இல்லாங்காட்டி வேலூர்ல உங்கள மாரி பைத்தியம் வேற இல்லாமயா பூடும்?"

அவர் பதறிவிட்டார். அழாத குறையாக நாலுக்கு வந்தார். ஐந்து நாலு இருபது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் போனால் போகிறது என்றேன்.

திரும்பிக் கடைக்குப் போனேன். கோபால்சாமி மறுபடியும் சண்டைக்கு வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். மாட்டுக் கழுத்தில் கட்ட மட்டமான காசு ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றேன். முதலில் ஓட்டைச் செப்புக் காசு கொட்டினார். அது மினுக்காது என்றேன். காலை நீட்டி அந்தத் தகர மூடியைத் தள்ளினார். எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கீழே வைத்தேன். கீறல் விழுந்திருக்கிறது, விளிம்பு தேய்ந்திருக்கிறது என்று குறை சொன்னேன். குறை சொல்லாமல் வாங்கினால் மலைக்காரிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவருக்குத் தோன்றிவிடும்.

"அதுல பன்னி கீதும்மா. பரவால்லியா?" என்று கேட்டு இளித்தார்.

"எங்களுக்குப் பன்னின்னா கறி," என்றேன்.

கடை அதிரச் சிரித்தார். பீடை தொலைந்தது என்று ஐந்தையும் உருக்குகிற விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டார். பஸ்ஸுக்குக்கூட என்னிடம் மிச்சம் இருந்தது. ஸ்டேஷனில் தங்கவேல் ஒவ்வொரு காசையும் வேட்டியில் துடைத்து, வருஷத்தைப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேசியபடி இருபது ராணியை எண்ணிக் கொடுத்தார். வாக்குத் தவறாத மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் அப்பாவின் வெள்ளியைக் கோபால்சாமி வாங்கிய விலையை நினைத்துக்கொண்டேன். மனசு குளிர்ந்தது.

அந்தக் கோபால்சாமி சும்மா இருக்கவில்லை. தேன் விற்கப் போன சின்னதம்பியிடம், உங்கள் ஊர்க்காரி ஒருத்தி பன்றிக் காசாகப் பொறுக்கிக்கொண்டு போனாள் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அவன் அதையும் இதையும் முடிச்சுப் போட்டு, அந்தக் காசைத்தான் நான் பரியமாக வைக்கப் போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டான். ஊரெல்லாம் சொல்லிவைத்தான். எனக்கும் காதில் விழுந்தது. நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

திருவிழாவுக்கு முன்னால் மாரியம்மன் கோயில் முன் ஊர் கூடியது. நான் மடியை அவிழ்ப்பதற்குள் சின்னதம்பி எழுந்துவிட்டான். பன்றி போட்ட காசை அம்மன் முன்னால் வைக்கலாமா, ஊர் இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று சத்தம் போட்டான். அவன் பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் ஆமாம் போட்டார்கள்.

"போன மாசம் சுட்டுத் தின்னியே, அந்தப் பன்னி இன்னா துளசி மேய்ஞ்சி வளந்துதா?" என்று கேட்டேன். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

அப்புறம் மடியிலிருந்ததைக் கவுண்டர் முன்னால் தாம்பாளத்தில் கொட்டினேன். ராஜாக்கண்ணு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ராணி, ராணி, எல்லாம் ராணி. சின்னதம்பிக்கு முகம் கறுத்தது. கல்லின் மேல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தான். வெள்ளியல்லவா, கணீரென்று பேசியது. சரி என்று துண்டில் கொட்டிக்கொண்டான்.

பரியம் கைமாறியதும் துரும்பு முறிப்பது எங்கள் வழக்கம், அதுவரை யாரும் அதை இழுத்தடித்ததில்லை. கவுண்டர் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவிப் புருஷன் கையில் கொடுப்பார். அவன் முறித்துப் பாதியைப் பெண்டாட்டியிடம் நீட்டினால் கட்டு அறுந்தது. அவன் முறிக்கும் வரை அவள் அவன் பெண்டாட்டிதான். சின்னதம்பி துரும்பை வாங்கினான். வாங்கி, காதில் செருகிக்கொண்டான்.

"யோசன பண்ணி முறிக்கறேன்," என்றான். "இன்னிக்கே முறிக்கணும்னு சட்டமா கீது?"

கவுண்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஆண்பிள்ளை கையால் முறிய வேண்டியது, வற்புறுத்த முடியாதே என்று முனகினார். வெள்ளி அவன் துண்டில், நானும் அவன் காதில். நேரே போய் அவன் காதிலிருந்து துரும்பைப் பிடுங்கினேன். அவன் முகத்துக்கு நேரே முறித்தேன். ஒரு பாதியைத் துண்டிலிருந்த வெள்ளியின் மேல் போட்டேன்.

யாரோ ஒரு பங்காளி, பொம்பளை முறித்தால் எப்படி என்று ஆரம்பித்தான்.

"பரியம் வெச்சது ஆரு?" என்று கவுண்டரைக் கேட்டேன். "எங்கண்ணனா, எங்கப்பனா? நானு. வெச்ச கைதான் முறிக்கும்."

பெண்கள் பக்கத்திலிருந்து என் அண்ணி மங்கம்மாள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். கடைசியில் கவுண்டர் அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முறிந்தது முறிந்ததுதான் என்றார். இப்போதெல்லாம் எங்கள் ஊரில் பரியம் திரும்பினால், கவுண்டர் கூரையிலிருந்து உருவும் துரும்பைப் பெண்ணின் கையில்தான் கொடுக்கிறார்.