மகள் வீடு இருக்கிறதே

கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை நூலக அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஃப்ரேயா ஒரு கோப்பை டீயோடு வந்து நின்றாள். தலைமுடி ஈரமாக இருந்தது. வெந்நீரில் குளித்திருக்கிறாள். அந்த ஈரத் தலையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவள்மேல் தப்பில்லை. மெல்பர்னிலிருந்து வந்த சின்னப் பெண். நர்சிங் கடைசி வருடப் பயிற்சிக்காக என்னைப் போலவே எங்கள் ஊர் கிளினிக்குக்கு வந்தவள். விமான டிக்கெட், கிளினிக்குக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, வாரச் செலவுக்குப் பணம், எல்லாம் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். பழங்குடி ஊர்களுக்குப் பயிற்சிக்குப் போகிற மாணவர்களுக்கென்று ஒரு உதவித்தொகை இருக்கிறது. நானும் அதற்குத்தான் விண்ணப்பித்தேன். நானே அந்தப் பழங்குடியாக இருந்ததுதான் கோளாறாகப் போயிற்று.

அவள் வீட்டில் இன்னொரு அறை சும்மா கிடந்தது. வந்த அன்றே அவள் என்னை அங்கே வந்து படுத்துக்கொள்ளச் சொன்னாள். கிளினிக் மேலாளர் கேவின்தான் தலையைச் சொறிந்தார். வீடு அவளுடைய பல்கலைக்கழகம் எடுத்தது, வேறு பல்கலைக்கழகத்து ஆள் தங்கினால் இன்ஷூரன்ஸ் கிடையாது, தெரிந்தால் அவளுக்கும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள் என்றார். எனக்காக அந்தப் பெண் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? அவள் வேலியோரம் காரை நிறுத்தி அதில் படுத்தேன். எங்கள் பக்கத்தில் ஜூலைதான் நடுக் குளிர்காலம். பாலைவனத்து இரவுக் குளிர் கதவை மூடினால் போய்விடுகிற குளிரில்லை. அது காருக்குள்ளேயே குடித்தனம் நடத்தியது.

பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. அடிலெய்டில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தேன். வாடகை மட்டும் விடுப்பு எடுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பயிற்சி ஒன்றுதான் பாக்கி. இதை முடித்துவிட்டால், நாற்பத்து நான்கு வயதில், நான் பிறந்த ஊரின் கிளினிக்கிலேயே எனக்கு நர்ஸ் வேலை. எங்கள் ஊரில் எங்கள் பேச்சு பேசுகிற நர்ஸ் இதுவரை இருந்ததில்லை. அந்த வேலைக்காகத்தான் இத்தனை வருடம் நாக்குத் தள்ளப் படித்தேன்.

உதவித்தொகை அலுவலகத்தில் என் கோப்பைப் பார்ப்பவள் பெயர் ஜெனீன். இனிமையாகத்தான் பேசுவாள். அந்த ஊரில் உங்களுக்கு உறவினர் உண்டா என்று முதல் தடவை கேட்டபோது, என் மகள் டரீஷாவே அங்கேதான் குடியிருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தேவிட்டேன். உறவில்லாதவர் யார் என்று கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன். போலீஸ்காரர், கடைக்காரர், கிளினிக்கில் மூன்று பேர், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு வந்தது வினை. உறவினர் இருப்பதால் தங்குமிட உதவி இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஊருக்கு வந்து இரண்டு வாரம் காரில் தூங்கிய பிறகு மறுபடி கூப்பிட்டேன்.

"உங்க பொண்ணு வீடே அங்க இருக்கே. தங்கிக்கலாமே?" என்றாள்.

"அங்க மாப்பிள்ளை இருக்காரு."

"அவரோட ஏதாச்சும் பிரச்சினையா?"

"ஒரு பிரச்சினையும் இல்லம்மா. தங்கமான மனுஷன். அதனாலதான் தங்க முடியாது."

எங்களில் மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் பார்க்க மாட்டோம், பேச மாட்டோம், ஒரு கூரைக்கு அடியில் இருக்க மாட்டோம் என்று விளக்கினேன். அவர் பெயரைக்கூட நான் சொல்வதில்லை. சண்டை இல்லை, மரியாதை. என் தங்கை நோரீன் வீட்டிலும் மாப்பிள்ளையின் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களும் எனக்கு அதே முறைதான். மற்ற வீடுகளில் கால் நீட்ட இடமில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரொம்ப அழகான வழக்கம் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு செய்யலாம். அந்த வீடு உங்களுக்குப் பாதுகாப்பில்லன்னா அவசர உதவில உடனே இடம் தர முடியும். அவரால உங்களுக்குப் பயம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வெள்ளிக்கிழமை நானே கூப்பிடறேன், யோசிச்சு வைங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். மரியாதைக்குக் கட்டம் போட்டுவைக்காத அந்த விண்ணப்பத் தாளில் பயத்துக்கு மட்டும் கட்டம் போட்டுவைத்திருக்கிறார்கள்.

போனை வைத்த பிறகு அவளை வாயில் வந்தபடி திட்டிவிட்டுப் படுத்தேன். ஆனால் குளிர் ஆளை மாற்றிவிடும். புதன்கிழமை ஊசி போடும்போது ஒரு குழந்தைக்குப் போட வேண்டிய மருந்தை வேறொரு குழந்தைக்கு எடுத்து நீட்டிவிட்டேன். எனக்குப் பயிற்சி தரும் நர்ஸ் ராபின் கையைப் பிடித்துத் தடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமும் இப்படிக் கண் செருகிக்கொண்டு வந்து நின்றால் தேர்ச்சி என்று கையெழுத்துப் போட முடியாது என்றாள். அவள் எங்கள் ஊரில் பத்து வருடமாக இருப்பவள், எங்கள் முறை தெரிந்தவள். ஜெனீன் சொன்னதைச் சொன்னேன். பஞ்சை மடித்துக்கொண்டே, "சொல்லித் தொலையேன் டெல்வின். ஒரு வார்த்தைதானே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

ஒரு வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஆபத்தானவர் என்று ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ஏறும். அந்த வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது என்று இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தெரியும். அப்புறம் குழந்தைகளைப் பற்றி விசாரித்து அவர்களைத் தூக்கிக்கொண்டும் போய்விடுகிற அரசாங்கத்து வெள்ளைக் கார் ஒருநாள் வாசலில் வந்து நிற்கும். அந்தக் காரைப் பார்த்தால் எங்கள் ஊரில் இன்றைக்கும் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார்கள். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும், வியாழக்கிழமை இரவு கால் விரல்கள் மரத்துப்போய்ப் படுத்திருந்தபோது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பிறகு எப்படியாவது சரிசெய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளினிக் வாசலில் நோரீன் காத்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ கார்ல முடங்கிக் கெடக்கறதப் பாத்து ஊர் நாயெல்லாம் வெக்கப்படுதுக்கா. போ, உன் மக வீட்டுக்குப் போய்ப் படு."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவர் இருப்பாரு."

"இல்ல. காலைலயே கெளம்பியாச்சு. பொண்டாட்டி, புள்ள, பாய் படுக்கை எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஆத்துக்குப் போயிட்டாரு. உன் படிப்பு முடியற வரைக்கும் அங்கதானாம். டரீஷாதான் உன்கிட்ட சொல்லச் சொன்னா."

ஆறு என்றால் தண்ணீர் ஓடுகிற ஆறில்லை. மணலும் கரையோரம் யூகலிப்டஸ் மரங்களும்தான். கோடையில் எல்லோரும் ஆசையாகப் போய்ப் படுப்போம். ஜூலையில் யாரும் போக மாட்டார்கள்.

யார் கேட்டது என்று நோரீனிடம் எரிந்து விழுந்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். நான் மகள் வீட்டுக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. தரையைப் பெருக்கித் துடைத்திருந்தார்கள். அவருடைய பூட்ஸ், சட்டை, கால்பந்துக் கோப்பைகள், சுவரில் மாட்டியிருந்த போட்டோ என்று அவர் சம்பந்தப்பட்ட ஒரு பொருள்கூடக் கண்ணில் படாதபடி எடுத்துப் போயிருந்தார். கட்டில்மேல் கடையில் வாங்கிய புதுப் போர்வை பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. அடுப்பில் சட்டி நிறையக் கங்காரு வால் குழம்பு மூடி வைத்திருந்தது. இந்த மனிதரைப் பற்றி என்ன சொல்ல உத்தேசித்திருந்தேன் என்று நினைத்ததும் எனக்கு உட்காரக்கூட முடியவில்லை. அப்போது போன் அடித்தது.

ஜெனீன்தான். நாளின் கடைசி வேலையாகக் கூப்பிடுவதாகச் சொன்னாள். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அந்த வீட்ல உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இல்ல."

"உங்களுக்கு நல்லது பண்ணத்தான் கேக்கறேன். இப்ப எங்கேருந்து பேசறீங்க?"

"மக வீட்லேருந்து."

"அவர் இருக்காரா?"

"இல்ல. அவங்க வெளிய போயிருக்காங்க. என் பயிற்சி முடியற வரைக்கும் வர மாட்டாங்க."

"அப்ப தங்கறதுக்கு இடம் கிடைச்சாச்சு," என்றாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். "பாத்தீங்களா, உறவுன்னா உறவுதான். அப்ப இத நான் முடிச்சிடறேன்."

அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏழு மாதக் குழந்தை இந்தக் குளிரில் மணலில் படுத்திருக்கிறது என்று சொன்னால் அதற்கும் எங்கேயோ ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்திலிருந்தும் அதே வெள்ளைக் கார்தான் புறப்பட்டு வரும். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். இனி எதையும் எந்தத் தாளிலும் சொல்ல முடியாது.

புதுப் போர்வையையும் குழம்புச் சட்டியையும் காரில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தொலைவிலேயே நிறுத்தி ஹார்ன் அடித்தேன். நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உருவம் எழுந்து, திரும்பிப் பார்க்காமல், மரங்களின் பக்கம் நடந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்துவிட்டுத்தான் இறங்கினேன்.

"எதுக்கும்மா வந்தே?" என்றாள் டரீஷா. வரவேற்கிற குரலில் சொல்லவில்லை. "அவர் எங்க போய் நிப்பாரு இப்ப?"

"வீட்டுக்குப் போங்க. நான் கார்ல படுத்துக்கறேன்."

"குடுத்தத எப்படித் திருப்பி எடுப்பாரு? நீ அங்க படுக்கலன்னா வீடு சும்மா கெடக்கும், அவ்வளவுதான்."

அம்மாவும் மகளும் முறைத்துக்கொண்டு நின்றோம். அதற்குள் அவள் மடியில் இருந்த மூட்டை இருமியது. பேத்தியைத் துணிகளுக்குள் பொதிந்திருந்தார்கள்; எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஆம்பளைக் கோட்டு. எனக்கு அந்த இருமல் பிடிக்கவில்லை. கிளினிக்கிலிருந்து அப்படியே வந்ததால் ஸ்டெதஸ்கோப் இன்னும் என் கழுத்தில்தான் கிடந்தது. அதை உள்ளங்கையில் தேய்த்துச் சூடுபடுத்தி, கோட்டை விலக்கி, அந்தச் சின்ன மார்பில் வைத்தேன். நெருப்பு வெடிக்கிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வைத்தேன். இது அவசரப்பட்டுக் கேட்கிற விஷயமில்லை. வலப்பக்கம், இடப்பக்கம், முதுகு என்று எல்லா இடத்திலும் நிதானமாகக் கேட்க வேண்டும் என்றுதான் ராபின் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

நான் கிளம்பினால்தான் அவர் நெருப்புக்குத் திரும்பி வர முடியும். முதுகில் வைத்துக் கேட்பதற்காகக் குழந்தையைத் திருப்பியபோது, பார்க்கக் கூடாது என்று நினைத்தும் ஒரு நொடி கண் போய்விட்டது. மரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் சட்டையோடு, கைகளைக் கக்கத்தில் இடுக்கியபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.