ஆறு மணி ஷிப்ட்

லண்டனின் மிச்சம் பகுதியில் பாழடைந்து கிடந்த பெயின்ற் ஆலையை இடித்துவிட்டு, எண்பத்தேழில் டெலிபோன் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார்கள். ஆட்கள் தேவை என்று வாசலிலேயே பலகை தொங்கியது. மன்னாரிலிருந்து வந்த பெர்னடெற்றும், பக்கத்துத் தெருத் தவமலரும், இன்னும் சில தமிழ்ப் பெண்களும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதுவரை அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவர்களுக்கு, கதிரையில் இருந்து செய்யும் வேலையே பெரிய சுகமாக இருந்தது.

அடுத்த வருஷம் ஓடர்கள் குவிந்தன. காலை ஆறு மணிக்குப் புது ஷிப்ட், சம்பளமும் கூடுதல் என்றார் மனேஜர். ஆனால் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை.

"நாங்கள் போகாட்டி வேற ஆக்களை எடுத்துப்போடுவினம்," என்று தவமலர் கவலைப்பட்டாள்.

"ஏன் போகாமல்? நான் வான் ஓடுறன்," என்றாள் பெர்னடெற். அவளுக்கு லைசென்ஸ் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பெற்றோல் ஸ்டேஷனில் வேலைசெய்த அவள் கணவர் கிறிஸ்துநாயகம் தலையில் கைவைத்தார். "உமக்குக் காரையே ஒழுங்கா நிப்பாட்ட ஏலாது. வானோ?"

ஆனாலும் பள்ளிக்கூடம் ஒன்று கழித்துவிட்ட வானைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

முதல் நாளே பனி கொட்டியது. ரவுண்டபவுட்டில் வான் நின்றுவிட்டது.

"இறங்கித் தள்ளுங்கோ!" என்று கத்தினாள் பெர்னடெற்.

கோட்டும் கம்பளித் தொப்பியுமாக எல்லோரும் தள்ளினார்கள். தவமலர் சறுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே இருந்து சிரித்தாள். பால்காரர் ஒருவரும் வந்து தோள்கொடுத்தார். வான் உறுமிக்கொண்டு கிளம்பியது. மறுபடி நின்றுவிடுமோ என்ற பயத்தில் பெர்னடெற் மெல்ல உருட்டிக்கொண்டே போக, பெண்கள் பின்னால் ஓடி ஒவ்வொருவராகத் தொற்றி ஏறினார்கள்.

தொழிற்சாலை வாசலில் மனேஜர் வழி பார்த்து நின்றார். நனைந்து, மூச்சிரைக்க இறங்கியவர்களைக் கண்டதும் கதவைத் தானே திறந்து பிடித்தார். முதலில் எல்லோருக்கும் சூடாகத் தேநீர் வந்தது, பிறகுதான் வேலை.

ஷிப்ட் நிலைத்தது. மெல்ல மெல்லப் பக்கத்தில் இன்னொரு கட்டடமும் எழும்பியது. லூயிஷாமிலிருந்தும் ஆட்களை எடுத்தார்கள். அவர்களை ஏற்றி இறக்கும் பொறுப்பைத் தொழிற்சாலை பெர்னடெற்றிடமே கொடுத்தது. இரண்டாவது வானை ஓட்ட அவள் ஆள் தேடினாள்.

"நான் வரட்டே?" என்று கேட்டார் கிறிஸ்துநாயகம்.

"அப்ப உங்கட வேலை?"

"மற்றவையின்ர வண்டிக்கு எண்ணெய் அடிச்சது காணும்."

"லூயிஷாம் பக்கம் போகவேணும். பிந்தக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"ஓம், முதலாளி!"

மறுநாள் விடிய முன்னரே அவர் குளித்து, தலைவாரி, புதுச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு வானில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.