இடது தோளுக்குக் கீழே

மாரேபோ துறைமுக மருத்துவமனையில் ஒரு நோயாளி சொன்ன கதையை டேப்பில் கேட்பவருக்கு, சொன்னவரின் வலி அதே இடத்தில் வரும். டேப் முடிந்ததும் நின்றுவிடும். முதல் வருடம் கடற்காற்றின் மேல் பழி போட்டார்கள். இரண்டாம் வருடம் நிர்வாகமே மாதத்தின் முதல் செவ்வாயை டாக்டர்கள் டேப் கேட்கும் நாளாக்கி, வலி வந்தால் படுக்க அவர்களுக்குப் பாய் வாங்கிக் கொடுத்தது. விடியற்காலை ஐந்துக்கு ரத்தம் எடுக்கும் வழக்கம் ஏழு மணிக்கு மாறியது அப்படித்தான். பிரசவக் கதை கேட்டுச் சுருண்டு கிடந்த மூத்த டாக்டரிடம் தலைமை நர்ஸ், "எந்திரிக்காதீங்க டாக்டர், இன்னும் பதினோரு நிமிஷம் பாக்கி. நீங்க அந்தம்மாவைக் கத்தாதேன்னு அதட்டின இடம் இனிமேதான் வருது" என்றாள்.

கதைகளைச் சேகரித்தவள் பியோ இன்-சுக். ஆறு வருடத்தில் நானூற்றுப் பதினேழு பேர். கூட இருக்கும் சொந்தக்காரர் வெளியே போனால்தான் டேப்பில் பதிய ஆரம்பிப்பாள். அந்த ஊரில் டாக்டர் கேள்வி கேட்டால் கட்டிலில் கிடப்பவர் வாய் திறப்பதில்லை. பக்கத்துத் தாழ்பலகையில் படுத்துத் துணையிருக்கும் மனைவியோ மகனோதான் பதில் சொல்வார்கள். அவளும் அப்படிப் பதில் சொன்னவள்தான். கடல்பாசி வளர்த்த அவள் கணவர் சாங்-யோல் அங்கே கிடந்த நாற்பது நாளும், "எங்க வலி?" என்ற கேள்விக்கு, "வயித்துல டாக்டர், கஞ்சிகூட இறங்கல" என்று முந்திக்கொண்டாள். அவர் தலையாட்டினார். மருந்தெல்லாம் வயிற்றுக்கே போனது. பிறகு இறந்துபோனார். அவருக்கு எப்படி இருந்தது என்று அவர் வாயால் சொன்ன ஒரு வரியும் அவளிடம் இல்லை. ஒவ்வொரு டேப்பையும் தனியே உட்கார்ந்து கேட்டாள். யார் யாருடைய முழங்காலோ, ஈரலோ அவள் உடம்பில் வந்து போயின. அவருடையது வரவில்லை.

ஏழாம் வருட வசந்தத்தில், அன்று சாங்-யோலுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த படகோட்டி போங் மான்-சு மூச்சிரைப்போடு திரும்பி வந்தார். தன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"உன் வீட்டுக்காரர் பத்தி ஒண்ணு இருக்கு தங்கச்சி. அழக்கூடாது."

"அழுதா எழுந்து ஓடிருவீங்களாக்கும், இந்த மூச்சை வச்சுக்கிட்டு. சொல்லுங்க அண்ணே."

"அவருக்கு வயித்துல ஒண்ணுமில்ல. இடது தோளுக்குக் கீழ, முதுகுல. நீ வெந்நீர் பிடிக்கப் போறப்பல்லாம் நான்தான் தேய்ச்சு விடுவேன். டாக்டர்கிட்ட சொல்லேன்யான்னா, 'எல்லார் முன்னாடியும் அவ வயிறுன்னு சொல்லிட்டா, இப்ப நான் மாத்தினா அவ முகம் என்னாகும்'னாரு."

மாலையில் அவள் அந்த டேப்பைக் கேட்டாள். மூச்சிரைப்பு வந்தது, முடிந்ததும் போனது. இடது தோளுக்குக் கீழே வந்தது மட்டும் போகவில்லை.

அடுத்த மாதச் செவ்வாயில் டாக்டர்களும் அந்த டேப்பைக் கேட்ட பிறகு, படுத்திருப்பவரையே முதலில் கேட்க வேண்டும் என்று விதி வந்தது. டாக்டர்கள் அவள் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. எழுதித் தந்த வலி மாத்திரையை அவள் வாங்கவில்லை. வருடங்கள் போயின, அவள் வலப்பக்கமாகவே படுத்துப் பழகினாள். மழை நாளில் கொஞ்சம் கூடும். தலைமை நர்ஸ் கையைச் சூடாக்கிக்கொண்டு வந்து, "எங்க?" என்று கேட்பாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்பாள் இன்-சுக். "ஆங், அங்கதான். மெதுவா. போயிடப் போகுது."